தலையணை பறிக்கும் அமலராணி

திண்டுக்கல்லில், தீக்காயம் பட்ட பெண்களுக்கான வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பக்கத்துக் கட்டில்காரர்கள் முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான்: "தலகாணிய ஒளிச்சு வைங்க, அமலராணி வந்தா புடுங்கிட்டுப் போயிரும்." சொன்னது பொய்யில்லை. வருவாள், நோயாளியின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் தலையணையை உருவுவாள், வசவு வாங்கிக்கொள்வாள். வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் வாய் அவளுக்கு உண்டு. அந்த வார்டுக்குள் மட்டும் அதைத் திறக்க மாட்டாள்.

கழுத்திலும் நெஞ்சிலும் தீப்பட்ட புண் ஆறும்போது தோல் சுருங்கும். அப்போது தலையை உயர்த்தி வைத்தால் தாடையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு நிமிர வேண்டுமானால் மறுபடி ஆபரேஷன்தான். அதனால் தோளுக்கு அடியில் துணிச்சுருள் வைத்துக் கழுத்தை நிமிர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு டாக்டர் போவார். அவர் தலை மறைந்ததும் பெற்றவள் பாசத்தில் அந்தச் சுருளை மெல்லத் தலைக்கு நகர்த்திவிடுவாள். பெற்ற மனதுக்கு எந்த டாக்டர் காவல் இருக்க முடியும்? அதற்குத்தான் அமலராணி.

அவள் நர்ஸ் இல்லை. கணவர் கஸ்பார் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பங்குக் கோயில் பெண்கள் ஞாயிறுதோறும் ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தீக்காய வார்டு வந்தால் வாசலிலேயே ஜெபத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள், வாடை அப்படி. ஒரு ஞாயிறு அமலராணி மட்டும், யாருக்காக ஜெபம் பண்ணினோம் என்று பார்த்துவிட்டாவது வருகிறேன் என்று உள்ளே போனாள். போனவள் போனவள்தான். பிசியோதெரபி டாக்டரம்மாவின் பின்னாலேயே அலைந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். பங்குப் பெண்கள் ரொட்டி எடுத்துப் போகிறவர்கள் கணக்கிலிருந்தே அவளை விட்டுவிட்டார்கள்.

அவளையும் ஆட்டிப் பார்த்தவள் கௌசல்யா. ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லிகைத் தோட்டத்துப் பெண். நைலான் நைட்டியோடு வெந்நீர் அடுப்பில் விறகு தள்ளும்போது தீப்பிடித்து, தாடையிலிருந்து நெஞ்சு வரை வெந்துவிட்டது. அவள் அம்மா ராமுத்தாயிக்கும் அமலராணிக்கும் வார்டில் நடந்த தலையணைச் சண்டையை நர்சுகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நீயும் புள்ள பெத்தவதான? வலியில கெடக்குற புள்ள தலையப் போட்டு இந்தப் பாடு படுத்துறியே!"

"வையுங்கக்கா, நல்லா வையுங்க. தலகாணிய மட்டும் குடுத்துருங்க."

ஒருவழியாகப் புண் ஆறி வீட்டுக்குப் போகும்போது அமலராணி ஒரே ஒரு பாடம் சொல்லி அனுப்பினாள். தண்ணீரோ மோரோ, சொம்பை வாயில் வைக்காமல் தூக்கிப் பிடித்து அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். நம் ஊரில் எல்லோரும் குடிக்கிற குடிதான். கழுத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி அவளுக்குத் தெரியாது.

மறு பரிசோதனைக்குக் கௌசல்யா வரவில்லை. போன் போட்டால் ராமுத்தாயி எடுக்கவில்லை. அமலராணி பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்குள் மூலையில் குனிந்து உட்கார்ந்து கௌசல்யா மோர் குடித்துக்கொண்டிருந்தாள், உறிஞ்சு குழலில். பிள்ளை கஷ்டப்படக் கூடாதென்று இளநீர்க்காரரிடம் ஒரு கட்டே வாங்கி வைத்திருந்தாள் ராமுத்தாயி. தாடை நெஞ்சைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அமலராணி வார்டில் பூட்டி வைத்த வாய் திறந்துகொண்டது.

"கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு? இம்புட்டுப் பாடுபட்டது இதுக்கா?"

"அம்மாவ வையாதீகக்கா," என்றாள் கௌசல்யா, தரையைப் பார்த்தபடியே. "நாந்தான் கொழலு கேட்டேன். குனிஞ்சே இருந்துட்டுப் போறேன். நிமிந்தா எல்லாரும் மூஞ்சியத்தான பாக்குறாக."

இத்தனை நாளும் வலிக்காகத்தான் குனிகிறார்கள் என்று நினைத்துத் தலையணையோடு மல்லுக்கு நின்றவள் அமலராணி. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாப்பாக தாயி. பாக்க மாட்டாகன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா குனியிறதும் நிமிர்றதும் ஒன் இஷ்டமா இருக்கணும். இப்ப விட்டுட்டா, பொறவு நீயே ஆசப்பட்டாலும் நிமிர முடியாது."

கௌசல்யா குழலைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பைக் கையில் எடுத்தாள். பாதி மோர் ரவிக்கையில்தான் போயிற்று. ராமுத்தாயி துடைக்க ஓடிவந்தாள். அமலராணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதன் பிறகு வாரம் தவறாமல் அந்த வீட்டுக்கு பஸ் ஏறினாள். கௌசல்யா சில வாரம் அழுதாள், சில வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனாலும் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

பரிசோதனைக்குப் போகும் நாள் வந்தது. கூடப் போக அமலராணியும் வந்திருந்தாள். காரில் கூட்டிப்போகலாம் என்ற ராமுத்தாயியிடம், பஸ்ஸிலேயே போகலாம் என்றாள் கௌசல்யா. ஆனால் ஏறியதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மடியையே பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வந்த ஓர் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கௌசல்யாவின் தலைக்கு மேலாக அமலராணியிடம் கேட்டார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?"

எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான். அமலராணி வாயைத் திறந்தாள்.

"என்னையக் கேளுங்கம்மா," என்றாள் கௌசல்யா.

நிற்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நன்றாக அண்ணாந்துதான் ஆக வேண்டும். வலித்தது, பல்லைக் கடித்தது தெரிந்தது. அண்ணாந்தாள். தாடையும் தழும்பும் கழுத்தும் ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தன.

"அடுப்புத் தீ பட்டுருச்சு. நைலான் நைட்டி போட்டிருந்தேன். நீங்களும் அதப் போட்டுக்கிட்டு அடுப்புகிட்டப் போயிராதீக."

அமலராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அந்த அம்மாவோ விடுகிற ஆளில்லை. எந்த ஊர், எத்தனை நாள் ஆஸ்பத்திரி, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே வந்தார். திண்டுக்கல்லில் அவர் இறங்கும்வரை கௌசல்யா தலையைக் குனியவே இல்லை.