பிடுங்காமல் அறுத்த தட்டைப்பயறு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதக் குடும்பத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அக்கா மகளோ, மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது.

அக்கா பிறந்தது நல்லம்பள்ளிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது பாலக்கோட்டுப் பக்கம். மாமா சீக்கிரமே போய்விட்டார். விலை போகாத தக்காளியை ரோட்டோரம் கொட்டிய பிறகு, அக்கா தட்டைப்பயறுக்கு மாறினார். அதில்தான் மகளை வளர்த்தார்.

கடைசிப் பயிர் விதைத்த மாதமே வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் பெய்த மழையில் நிலத்தில் தண்ணீர் நின்று செடி மஞ்சளாகிவிட்டது. மகளுக்கென்று இருந்தது அந்தப் பயிர் ஒன்றுதான். நான் யூரியா மூட்டையோடு கிளம்பினேன்.

“மூட்டைய வெச்சுட்டு ஒரு செடி கொண்டாடா,” என்றார் அக்கா, கட்டிலில் படுத்தபடியே.

வெடுக்கென்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனேன்.

“வேரெல்லாம் மண்ணுல வுட்டுட்டுத் தழைய எடுத்தாந்திருக்கற. எனக்கா, மாட்டுக்கா?”

இரண்டாவதை மண்ணோடு தோண்டி எடுத்தேன். வேரில் கடுகு கடுகாய் முடிச்சுகள். அக்கா ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே வெளுத்திருந்தது.

“இது செவப்பா இருக்கணும்டா. காத்துல இருக்கற சத்த இதுதான் புடிச்சு மேல அனுப்புது. தண்ணி நின்னு மூச்சு முட்டிக் கெடக்குது. வாய்க்கா வெட்டி வுடு.”

“யூரியா ரெண்டு கை வீசுனா தேறிடுமேக்கா.”

“வீசுனா இது வேலையே செய்யாது, உன்னாட்டம். தட்டுல சோறு வந்துட்டா அப்புறம் எதுக்கு ஒழைக்கணும்?”

வாய்க்கால் வெட்டினேன். தண்ணீர் வடிந்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு செடியைத் தோண்டிக்கொண்டு போனபோது, அக்காவின் விரலில் கிள்ளும் பலம் இல்லை. நானே கிள்ளி, கண்ணுக்கு நேரே பிடித்தேன். உள்ளே ரத்தச் சிவப்பு. வெகுநேரம் பார்த்தார்.

“காய் பறிச்சதும் செடியப் புடுங்கிடாத. அறு. வேரு மண்ணுல கெடந்தா அடுத்த ராகிக்கு ஆவும்.”

செடி பூ எடுக்கும் முன்பே அக்கா போய்விட்டார்.

பள்ளத்தில் நின்ற செடிகள் அழுகிவிட்டன. மேட்டில் நின்றவை காய்த்தன. பறித்து முடித்த அன்று, பழக்க தோஷத்தில் முதல் செடியைப் பிடுங்கிவிட்டேன்.

“அம்மா அறுக்கத்தான் சொன்னாங்க மாமா,” என்றாள் மகள்.

குழியில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அரிவாளை எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய பக்கத்து நிலத்துக்காரருக்கும், கடைசி நாட்களில் அக்காவைக் குளிப்பாட்டிவிட்ட அவர் மனைவிக்கும், தூக்கிச் சென்ற பங்காளிகளுக்கும் கும்பிடு. இன்று உங்கள் இலையில் இருக்கும் களி அந்த நிலத்து ராகி. கிண்டியது நான். கட்டி தட்டியிருந்தால் வாய்விட்டுத் திட்டிவிடுங்கள். வீட்டில் என்னைத் திட்ட இப்போது ஆள் இல்லை.