பதிவு எண் பார்க்கிற லிஃப்ட் மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் ஒன்று உண்டு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் ஆய்வுச் சான்றிதழைப் படிப்பார். தேதி, முத்திரை, கையெழுத்து, எல்லாம் பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார். விருந்துக்குப் போன இடத்திலும் இப்படியே நிற்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று மாதமாக லிஃப்டில் கால் வைக்கவில்லை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்த ஒரு நாள், அது திடீரென்று அரை மாடி இறங்கிவிட்டது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து லிஃப்ட் கதவு திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. வீட்டில் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். விஷயம் தெரிந்தவன், அவரோடு வேலை பார்க்கும் மைத்துனன் ஒருவனே. அக்கா புருஷனின் பங்கையும் சேர்த்துப் பார்த்து, வெளியே மூச்சுவிடாமல் இருந்தான்.

"மாமா, அடுத்த மாசம் என்னை வேற ஏரியாவுக்குப் போடுறாங்க. அப்புறம் உங்க வேலை போயிடும். யார்கிட்டயாவது காட்டுங்க."

மனைவி எங்கேயோ விளம்பரம் பார்த்து ஒருவரிடம் அனுப்பினாள். 'மூன்றே சந்திப்பில் மனநலம்' என்று வாசலில் பெரிய போர்டு. உள்ளே சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று விடாமல் படித்தார். எல்லாம் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வாங்கியவை.

"பதிவு எண் எங்க சார்?"

"நம்பிக்கை இருந்தா போதும்ங்க."

"நம்பிக்கையை வச்சு லிஃப்ட்ல ஆள் ஏத்த முடியாது சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அன்று மாலையே மகளை உட்காரவைத்து, உரிமம் பெற்ற உளவியலாளர்களின் அரசுப் பட்டியலைத் தேடச் சொன்னார். பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார், இன்னொருவரின் உரிமம் போன வருடமே காலாவதி. மூன்றாவது ஒரு பெண்மணி. போனில் கேட்டதும் தன் பதிவு எண்ணை அவரே படித்துச் சொன்னார். இவர் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

விலாசத்தைத் தேடிப் போய்ப் பார்த்தால் ஆறாவது மாடி. அதுவும் தெரிந்த கட்டடம்.

படியேறி உள்ளே போனபோது நாய் மாதிரி இரைத்தது. அப்படியும் உட்காரவில்லை. சீட்டை எடுத்துச் சுவரிலிருந்த சான்றிதழோடு எண்ணை ஒப்பிட்டார். தேதி சரி. முத்திரையும் சரி. அந்த அம்மா முகம் சுளிக்காமல் காத்திருந்தார்.

"பாத்தாச்சா? உட்காருங்க. இப்படி இரைக்குதே, லிஃப்ட் ஓடலையா?"

தூக்கம் வரவில்லை என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லா ஓடுதும்மா. அதை மாட்டினதே நான்தான். ஏறத்தான் பயமா இருக்கு."