சோப்பு டப்பாவில் இருபது ரூபாய்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா மீதி கொடுத்த இருபது ரூபாய் நோட்டில் சோப்பு வாசனை. எங்கே வைத்திருந்தாளோ. கையிலிருந்த மல்லிகையைத் தோற்கடித்துவிட்டு, என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப் போய்விட்டது அது.

கடலூரில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீடு. இரண்டு பேர் சம்பளமும் பெரியம்மாவின் இடுப்புச் சாவிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஹேர்பின் வாங்கக்கூட அம்மா காரணம் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் மாமா குழந்தைக்குக் காதுகுத்து வந்தபோது, பெரியம்மா சில்லறையாகவே எண்ணி அம்மா கையில் வைத்தாள்.

"போறதுக்கு ஒண்ணர டிக்கெட்டு இருக்குது. வரதுக்கு உன் தம்பிகிட்ட கேட்டுக்கோ."

அரை டிக்கெட் நான். பிறந்த வீட்டில் கையேந்த வைப்பது எவ்வளவு பெரிய அடி என்று எனக்கு உறைக்கவில்லை. ஜன்னலோர சீட் கிடைத்ததே எனக்குப் பெரிசு.

காது குத்தியாயிற்று. குழந்தை அழுது ஓய்ந்து சிரிக்கவும் தொடங்கிவிட்டது. நாங்கள் மட்டும் கிளம்பவில்லை. மாமா பணம் நீட்டினார், அம்மா தொடவில்லை. மூன்றாம் நாள் குளிக்கப் போனால், வீட்டிலிருந்து கொண்டுவந்த எங்கள் டப்பாவில் சோப்புக்கு அடியில் மடித்த இருபது ரூபாய்! அண்ணி எதிரில் வாய் திறக்காத அப்பா, பஸ் ஏற்றும்போது நைசாகத் திணித்ததாம். மூச்சு விடக் கூடாதென்று அம்மா தொடையில் கிள்ளினாள். காசை வைத்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறோம்? பள்ளிக்கூடம் இல்லாத சந்தோஷத்தில் நான் கேட்கவில்லை.

அன்றே அம்மா ஒரு தபால் கார்டு எழுதினாள். பஸ்ஸுக்குக் காசில்லாததால் இங்கேயே இருக்கிறோம் அக்கா, அனுப்பினால் வருகிறோம். விலாசம் வீட்டுக்கு இல்லை, மஞ்சக்குப்பத்தில் பெரியப்பா ஆபீசுக்கு. அங்கே எது வந்தாலும் முத்திரை குத்தி, நம்பர் போட்டு, மேஜை மேஜையாக அனுப்புவார்கள். கார்டும் அப்படியே ஊர்வலம் போயிற்று. பெரியப்பா கைக்கு வருவதற்குள் பியூன்வரை படித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை பெரியம்மாவே வந்து இறங்கினாள். கையில் கார்டு, முகத்தில் அந்த முத்திரையின் கறுப்பு. மாமா பார்க்கவே பணத்தை வைத்துக் கிளம்பச் சொன்னாள். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாதே, நாளைக்கு வருகிறோம் என்றாள். வீட்டு ஆண்களுக்கு ராத்திரிச் சோறு ஆக்க வேண்டுமே, பெரியம்மா தனியாகத்தான் திரும்பினாள்.

பஸ் ஸ்டாண்டுவரை போனோம். பஸ் உறுமியதும் அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து சோப்பு மணக்கும் அந்த நோட்டை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினாள். பெரியம்மா முகம் ஏன் அப்படிக் கோணிற்றென்று எனக்குப் புரியவில்லை. என் அம்மாவுக்கு எவ்வளவு இளகிய மனசு என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, திரும்பிப் போகக் காசு இருக்குதா? இல்லன்னா இத வெச்சுக்குங்க. நான் கடலூர்லேந்து வரும்போதே கொண்டாந்தது, செலவே ஆவல."