வாழை நுனி கேட்டவன்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு கிடக்கிறது. எடுத்து ஆட்டினால் உள்ளே கூழாங்கற்கள் உரசும். தாமிரபரணிக் கற்கள் அல்ல, கடலில் உருண்டு வழவழத்த கற்கள். நேற்றுப் பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தேன். பல தேசத்துப் போலீசாரும் குற்றவாளிகளின் அடையாளங்களையும் அவர்கள் கையாளும் தந்திரங்களையும் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளப் பெரிய ஏற்பாடு நடக்கிறதாம். படித்த கையோடு முடிச்சை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். எங்கள் ஏட்டையா இருந்திருந்தால், "இதைத்தானவே நாம அன்னைக்கே சந்தையில வச்சுச் செஞ்சோம்" என்று மீசையை நீவியிருப்பார்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஒரு சின்னப் போலீஸ் ஸ்டேஷனில் நான் ரைட்டர். ஏட்டையாதான் அங்கே ராஜா. ஆள் வாட்டசாட்டமானவர், குரல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். எங்கே கூத்து நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மதராஸிலிருந்து அச்சடித்த அறிவிப்புகள் எங்களுக்கு வரும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, திருவிதாங்கூர் என்று எங்கெங்கோ கைவரிசை காட்டிவிட்டுத் தப்பியவர்களின் விவரம் அவற்றில் இருக்கும். இங்கிலீஷில் இருப்பதை நான் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்.

அப்படிக் கொழும்பிலிருந்து புறப்பட்டு எங்களிடம் வந்து சேர்ந்த அறிவிப்பு ஒன்று. கப்பலேறித் தூத்துக்குடிப் பக்கம் வந்திருக்கக்கூடிய ஒரு மோசக்காரனைப் பற்றியது. "நடுத்தர உயரம், மாநிறம், மீசை உண்டு" என்று வாசித்தேன். ஏட்டையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது உமக்கும் பொருந்துது, எனக்கும் பொருந்துது, மீசையை எடுத்துட்டான்னா அவனுக்குத்தான் பொருந்தாது. ஆளை விடும். என்ன செய்யுதான்னு சொல்லும்."

அவன் செய்தது இதுதான். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடாகப் பார்த்துச் சாமியார் வேஷத்தில் போவான். பெண்ணுக்குத் தோஷம் என்பான். நகைகளைச் சிவப்புத் துணியில் முடிந்து, பூஜை செய்து, அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்வான். மூடுவதற்கு வாழையிலை நுனி ஒன்று கேட்பான். வீட்டுக்காரி கொல்லைக்குப் போய் இலை நறுக்கி வருவதற்குள் முடிச்சு மாறிவிடும். மூன்றாம் நாள் பிரித்தால் உள்ளே கல் இருக்கும்.

அறிவிப்பை ஸ்டேஷன் சுவரில் ஒட்டினால் போதும் என்றுதான் உத்தரவு. ஏட்டையாவுக்கு அது போதவில்லை. "எழுத்துத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல எத்தனை பேருவே? சுவரா போய்க் கள்ளனைப் பிடிக்கும்?" என்றார். அடுத்த சந்தையில் அவரே காவித்துணி கட்டிச் சாமியாரானார். வீட்டுக்காரி நான். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நான் "ஐயோ சாமி" என்று அழுததைப் பார்த்து வாழைத்தார் விற்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது சந்தைக்கு நானே முந்திக்கொண்டு புறப்பட்டேன்.

அதோடு விட்டாரா? கான்ஸ்டபிள்களுக்கு வேஷம் போட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகைக்காக வீடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஒரு வீட்டில் ஆச்சி ஒருத்தி நகைக்குப் பதில் கத்திரிக்காயை முடிந்து கொடுத்துவிட்டாள். ஏட்டையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நடிப்புன்னா அதுல உசிரு வேண்டாமா?" என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். தெருவுக்குத் தெரு பெண்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

என் அக்காளும் காத்திருந்தாள். அத்தான் காலமாகி, நிலமும் கைவிட்டுப் போய், அவளிடம் மிஞ்சியிருந்தது மகளுக்கென்று வைத்திருந்த அட்டிகையும் காசுமாலையும்தான். தை மாதம் கல்யாணம். அந்த நகை இல்லையென்றால் கல்யாணமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு காலை நேரம். நானும் ஏட்டையாவும் அக்காள் வீட்டுக் கொல்லையை ஒட்டிய வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தோம். அப்போது வீட்டுக்குள் நடந்ததை அக்காள் பிறகு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். சாமியார் ஒருவர் வாசலில் நின்று, "தாயே, பெண்ணுக்குத் தோஷம் தெரிகிறது" என்றாராம். நம்ம முறை வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். கத்திரிக்காய் வைத்தால் ஏட்டு அண்ணாச்சி கோபிப்பாரே என்று நிஜ நகையையே எடுத்து முடிந்தாள். முடிச்சு அரிசிப் பானைக்குள் போயிற்று.

"தாயே, வாழையிலை நுனி ஒன்று வேண்டும்."

அவர் வாய் மூடுமுன், முதுகுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த இலையை அக்காள் நீட்டினாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சாமியார் தடுமாறி, "கொஞ்சம் மஞ்சள்..." என்றார்.

"மஞ்சள் இதுல கிடையாதுல்லா? இப்ப நான் அங்கிட்டுத் திரும்பணும், நீரு முடிச்சை மாத்தணும். பைய நெனைச்சுப் பாத்துச் செய்யும்" என்று அக்காள் அன்பாக எடுத்துக் கொடுத்தாள்.

அவ்வளவுதான். சாமியார் பையை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் பாய்ந்தார். பெண்கள் கூட்டம் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடிவந்தது. அக்காள் அங்கிருந்தே கத்தினாள். "அண்ணாச்சி, உங்க ஆளு வசனத்தை மறந்துட்டு ஓடுதாரு!"

கழுத்தளவு தண்ணீரில் நின்ற ஏட்டையா திரும்பிப் பார்த்தார். "எந்த ஆளு? நான் இன்னைக்கு ஒருத்தரையும் அனுப்பலியே!"

சிரிப்பு அடங்கியது. அக்காள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குள் ஓடியவளின் பின்னால் நானும் ஈரத்தோடு ஓடினேன். அவள் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அரிசி நாலாபக்கமும் சிதறியது. முடிச்சு கிடைத்தது. பிரித்தாள். அட்டிகை இருந்தது, காசுமாலை இருந்தது. அக்காள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண்ணீர் வந்தது. வெளியே ஏட்டையா கோவணத்தோடு வாழைத்தோட்டத்துக்குள் விரட்டிப் போய், சேற்றில் விழுந்து கிடந்த சாமியார்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். மீசை இல்லாத ஆள். அவன் பையில்தான் இந்தக் கல் முடிச்சு இருந்தது.

நடந்ததை நான் இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்பினேன். வழக்கெல்லாம் முடிந்தபின் முடிச்சை ஏட்டையா எனக்கே கொடுத்துவிட்டார். வெகுநாள் கழித்துக் கொழும்பிலிருந்து புதிய அறிவிப்பு ஒன்று அச்சாகி வந்தது. மோசக்காரர்களின் தந்திரத்தை ஜனங்களுக்கு நடித்துக் காட்டுவது பயன் தரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. எங்கள் சந்தைக் கூத்து கடல் தாண்டிப் போய்விட்டதென்று ஏட்டையா என்னை அதை ஊர் முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார்.

அதற்கு முன்பே, குறித்தபடி தை மாதம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. வாழ்த்துச் சொல்ல மணவறைக்குப் போன ஏட்டையா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தாயே, வாழையிலை நுனி ஒன்று வேண்டும்" என்றார். பந்தலே அதிர்ந்தது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் அட்டிகைக் கற்கள் அத்தனையும் மின்னின.

இப்போது அக்காளும் இல்லை, ஏட்டையாவும் இல்லை. நேற்று மாலை அந்த மணப்பெண்தான், பேரன் பேத்தி எடுத்துவிட்ட என் அக்காள் மகள், என்னைப் பார்க்க வந்தாள். மேசைமேல் முடிச்சைக் கண்டதும் நேரே கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கழுத்தில் அதே அட்டிகை.

"என்ன மாமா, கேக்க மாட்டியளா?" என்றாள்.