அவர் பேரில் என் கையெழுத்து

குற்றாலச் சாரலைப் பற்றி என் வீட்டுக்காரர் ஒரு கும்மிப் பாட்டு கட்டி, தென்காசியில் சின்னப் புத்தகமாக அச்சுப் போட்டார். எங்காவது அடி இடறினால் நான் எடுத்துக் கொடுப்பேன். சீசனுக்கு வருகிற கூட்டம் ரயிலடியிலேயே அதை வாங்கிக்கொண்டு போகும். யாரும் திருடி அச்சடித்துவிடக் கூடாதென்று அட்டையில், "என் கையொப்பம் இல்லாதது திருட்டுப் பிரதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் கையெழுத்துப் போடுகிற கை ஒன்றுதானே?

புத்தகத்தில் முதல் கட்டு முடிவதற்குள் அவருக்கு விரல் மரத்துப்போனது. "நீயும் போடேன்" என்றார். அடுப்படி வேலையை முடித்துவிட்டு, பகலெல்லாம் உட்கார்ந்து அவர் பேரை எழுதினேன். எழுதி எழுதி அலுத்து, என் பேரே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. மிச்சக் கட்டுகள் முழுக்க என் கைதான்.

அடுத்த ஆடியில் அருவிக்கரைக் கடைகளில் எங்கள் பாட்டு வேறொருவன் அச்சில் கிடந்தது. அட்டை எச்சரிக்கையைக்கூட அவன் விடவில்லை. அவனுக்கு முதல் கட்டுப் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் இவரே போட்ட கையெழுத்தை அச்சு பிளாக் எடுத்துப் போட்டிருந்தான், படுபாவி.

வக்கீலிடம் போனோம். புத்தகக் கட்டைத் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார்.

"பாட்டு, கட்டின நிமிஷமே கட்டினவங்களுக்குச் சொந்தம் அண்ணாச்சி. பதியக்கூட வேண்டாம். சட்டம் உங்க பக்கந்தான்" என்றார் வக்கீல். எனக்கு மூச்சு வந்தது. பிறகு எங்கள் கட்டிலிருந்து ஒன்றை உருவி, திருட்டுப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுல எது உங்க கையெழுத்து?"

இவர் திருட்டுப் பிரதியைத் தொட்டுக் காட்டினார்.

"அப்போ நீங்க சம்மதிச்சுத்தான் அச்சடிச்சேன்னு அவன் சொல்லுவான். உங்க அட்டைப்படி பாத்தா, திருட்டுப் பிரதி வித்தது நீங்கதான்."

"போட்டது நான்தான்னு நான் கோர்ட்டுல வந்து சொல்லுதேன்" என்றேன்.

இவர் எழுந்துவிட்டார். வண்டியில் வரும்போது சொன்னார். "நீ கூண்டுல ஏறினா, வேற என்னெல்லாம் எழுதினேன்னு அவன் வக்கீல் கேப்பான்."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாட்டின் கடைசி ஆறு கண்ணியும் நான் கட்டியவை. வக்கீல் சொன்ன சொந்தம் எனக்கும் உண்டென்பது அப்போதுதான் உறைத்தது. சண்டை போடத் தெம்பில்லை. புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கேஸ் போடவில்லை. திருடினவன் அவர் பேரையாவது அப்படியே விட்டுவைத்திருந்தான். என் பேர் இரண்டு புத்தகத்திலும் இல்லை.