அண்ணன் பாஸ்

எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்த ஆங்கிலச் சொல் பாஸ். நான் பத்தாவது தேறியபோது அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் பாஸும் ஆனதில்லை, பெயிலும் ஆனதில்லை, பள்ளிக்கூடம் போனால்தானே. அண்ணன் மீசை முளைக்குமுன்பே டிராக்டரில் ஏறிவிட்டான். பிறகு பஸ் பாஸ், டைம் பாஸ் என்று அந்தச் சொல் எங்களிடம் பல வேலை பார்த்தது. அம்மாவுக்கு மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஜெயித்தாச்சு.

அண்ணன் வளைகுடாவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டால் தூக்குவதை விட்டுவிட்டு வண்டி ஓட்டப் போய்விடலாம். ஆனால் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதே ஒவ்வொரு முறையும் பெயில். "நம்மூரு சேத்துல டிராக்டர எறக்கி ஏத்துனவன், அங்க தார் ரோட்டுல பின்னாடி போவத் தெரியலையாம்" என்று அம்மா போனிலேயே கிண்டல் செய்வாள். "நீ வந்து பக்கத்துல உக்காந்து, ரைட்ல ஒடி லெப்ட்ல ஒடின்னு சொல்லும்மா" என்பான். அந்த வாரம் மறுபடி டெஸ்ட் என்று சொல்லியிருந்தான்.

அவனோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் அதே வாரத்தில் ஒருநாள் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். யுவர் பிரதர் பாஸ்ட் திஸ் மார்னிங். கம்பெனி வில் கால் யூ.

"அண்ணன் பாஸும்மா. கம்பெனிலேர்ந்து போன் பண்ணுவாங்களாம்."

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "கூட இருக்குறவங்க தூக்கி வச்சு ஆடிக்கிட்டிருப்பாங்க, விடு. பாய் கடையில சீனியும் ரவையும் வாங்கியா, கேசரி கிண்டுறேன்" என்றாள் அம்மா.

கடைக்கார பாய் அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தொழுகைக்குக் கிளம்ப ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். செய்தி வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"மாஷா அல்லாஹ். எப்ப தம்பி டெஸ்டு?"

"இன்னைக்குக் காலையில, பாய்."

சீனி அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழமையா? அங்க ஆபீசெல்லாம் லீவாச்சே. மெசேஜ ஒழுங்காப் படிச்சீங்களா?"

ஒழுங்காகத்தான் படித்திருந்தேன். மறுபடி படித்தேன். எழுத்து ஒன்றும் மாறவில்லை. போனிலேயே அகராதியைத் திறந்தேன். தேர்ச்சி பெறு. கடந்து செல். கைமாற்று. இன்னும் கீழே தள்ளினேன். இறந்துபோ. 'அவே' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால்தான் அந்த அர்த்தம் என்று நினைத்திருந்தேன். அது இல்லாமலும் வரும் என்று போட்டிருந்தது.

பிலிப்பைன்ஸ்காரரைக் கூப்பிட்டேன். படித்த ஆங்கிலமெல்லாம் எங்கேயோ போய், "டெஸ்ட்... பாஸ்?" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"நோ டெஸ்ட், மை பிரெண்ட்" என்றார். தூக்கத்திலேயே போய்விட்டானாம். எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் படுத்தானாம். ஸாரி, ஸாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு ஸாரியைச் செய்தியில் போட்டிருக்கலாம்.

பாய் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு என்னோடு நடந்தார். தொழுகைக்குப் போகவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு அம்மா நின்றிருந்தாள். "வாங்க பாய். பெரியவன் பாஸ் பண்ணிட்டான், இவன் சொன்னானா?" பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது அந்த பாஸ் இல்லம்மா" என்றேன். மிச்சத்தைத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அம்மா அழவில்லை. என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அவளுக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாஸுன்னுதானேடா போட்டிருக்கு. படிச்சவன் நீதானே சொன்னே. இன்னொருவாட்டி படி."