என் வீட்டுக்காரரின் ரைட்டு

என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவருடைய அக்கா கேட்டபோது, என் வீட்டுக்காரர் சொன்ன பதில் "ரைட்டு." அவ்வளவுதான். பிடித்திருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று மனிதர்கள் பேசுகிற எதையும் அவர் பேசவில்லை. அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன பஸ்ஸா, ரைட் கொடுத்துக் கிளப்பிவிட?

அவர் கண்டக்டர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே குடித்தனமும் நடத்தினார். குழம்பு நன்றாக இருந்தால் ரைட்டு. நான் கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது "ரைட்டு விடு." நான் ஏதாவது கதை அளந்தால் அதற்கென்று ஒரு ரைட்டு உண்டு, இழுத்துச் சொல்வார், கேட்டால் உடம்பு கூசும். மகள் வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது கண் கலங்க ஒரு ரைட்டு. அவருடைய அப்பா போய்விட்டார் என்று போன் வந்தபோதும் அதே வார்த்தைதான். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். அன்றைக்குத்தான் இந்த மனிதருக்கு வேறு வார்த்தையே தேவைப்படவில்லை என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் வாய்ச் சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

வண்டியில் அது இன்னும் நுணுக்கம். அவரோடு ஓட்டுகிற டிரைவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், அதனால் இவர் அவருக்கு மாப்பிள்ளை. பின்வாசலில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது கூட்டம் ஏறிவிட்டால் டிரைவருக்குக் கண்ணாடியில் சரியாகத் தெரியாது. இவர் குரலில்தான் தெரியும். வெட்டினாற்போல ரைட் வந்தால் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, தாராளமாக எடுக்கலாம். இழுத்து வந்தால் யாரோ கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருக்கிறார்கள். தாழ்ந்த குரலில் இரண்டு தரம் வந்தால் வயசான ஆள் இறங்கி வண்டியை ஒட்டியே நிற்கிறார், பூப்போல எடுக்க வேண்டும். இதையெல்லாம் டிரைவர் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் சொன்னாரா? கேட்டதற்கு ரைட்டு என்றார்.

போன வருடம் இவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. முதலில் சளி என்றார். வெந்நீர், கஷாயம், கொப்பளிப்பு என்று நான் செய்யாத வைத்தியம் இல்லை. கடைசியில் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். வெட்டி எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை. ஆனால் குரல் போய்விட்டது. மிச்சம் இருந்தது வெறும் காற்று, அதுவும் பக்கத்தில் காது வைத்தால்தான் கேட்கும். கத்தினால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர்தான். ஸ்டோர் ரூமில் உட்காருங்கள், நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுங்கள், சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்றார். நான் நிம்மதியானேன். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் அந்த ஸ்டோர் ரூமுக்குப் போய் வந்தார். எண்ணெய் வாடையோடு வருவார், ஜன்னலோரம் நிற்பார், எங்கள் தெருமுனையில் அவருடைய பஸ் திரும்பும்போது கழுத்து மட்டும் அதோடு திரும்பும். வேறொரு கண்டக்டர் கத்துவது கேட்கும். இப்படியே விட்டால் இந்த ஆள் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வண்டிக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று மேனேஜரிடம் கேட்கும்படி டிரைவர் அண்ணனைப் பிடித்து அனுப்பினேன். ஒரு நாள் செக்கர் வண்டியில் கூடவே வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால் பார்க்கலாம், இல்லையென்றால் கடைசிவரை ஸ்டோர் ரூம்தான் என்று பதில் வந்தது.

முதலில் விசில் வாங்கினோம். வீட்டில் ஊதிப் பழகினார். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, ஏதாவது விளையாட்டுப் போட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார். டிரைவர் அண்ணனுக்கும் விசில் பிடிக்கவில்லை.

"மாப்ளே, இதுல எல்லாம் ஒரே சத்தமா இருக்கு. வண்டி எடுக்கலாம்னு மட்டும்தான் சொல்லுது. எப்படி எடுக்கணும்னு சொல்லலையே."

இவர் எழுந்து வந்து என் இடுப்பில் செருகியிருந்த கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றினார். பெரிய சாவி, பழங்காலத்துப் பூட்டு. ஜன்னல் கம்பியில் அதைத் தட்டினார். பஸ்ஸின் கூரைக்குக் கீழே, பயணிகள் பிடித்துக்கொள்ள, பின்வாசலிலிருந்து டிரைவர் தலைக்கு மேல்வரை ஒரே கம்பி ஓடுகிறதே, அதற்குத்தான் இந்த ஒத்திகை. வெட்டினாற்போல இரண்டு தட்டு. இடைவெளி விட்டு இரண்டு தட்டு. பிறகு, வயசானவர்களுக்கு, சாவியின் வளைந்த பக்கத்தால் மெத்தென்று இரண்டு. டிரைவர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காலை அழுத்திக் காட்டினார், சோபாவில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போ வீட்டை எதை வைத்துப் பூட்டுவது என்று கேட்டேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த நாள் வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் ஏறினேன், நடுவில் ஜன்னலோர சீட். செக்கர் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இளவயதுதான், முகத்தில் கடுகடுப்பு இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை. பாதி வழிவரை ஒரு குறையும் இல்லை. நிறுத்தத்தின் பெயர் கேட்டவர்களிடம் இவர் குனிந்து காதோடு சொன்னார். ஆபீஸ் நேரம் வந்ததும் கூட்டம் அடைத்துக்கொண்டது. ஒருத்தர் மீதிச் சில்லறை வரவில்லை என்று சத்தம் போட, இவர் வாயசைப்பது அவருக்குக் கேட்காமல், வாய் பேச வராத ஆளையெல்லாம் வேலைக்கு வச்சிருக்காங்க என்றார். எனக்கு எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று இருந்தது. செக்கர் அதைக் கவனித்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அடுத்த நிறுத்தம் ஆஸ்பத்திரி வாசல். முன்வாசல் காலியானது. பின்னால் நெரிசல். வண்டி நின்றுகொண்டே இருந்தது, பின்னால் வேறு வண்டிகள் ஹாரன் அடித்தன. செக்கர் பொறுமை இழந்தார்.

"ரைட், எடுப்பா."

வண்டி நகரவில்லை. பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள், ரைட்டு ரைட்டு என்று நாலைந்து குரல். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானே சொல்றேன், எடுங்க."

"எனக்கு இன்னும் ரைட் வரலை சார்."

செக்கரின் முகம் சிவந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனார். நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன். ஊன்றுகோல் வைத்த ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் தரையில், நல்ல கால் இன்னும் படியில். என் வீட்டுக்காரர் ஒரு கையால் அவருடைய அக்குளைத் தாங்கி, மறுகையைக் கதவில் ஊன்றி, ஏற வந்த கூட்டத்தைத் தன் முதுகாலேயே தடுத்துக்கொண்டிருந்தார். சாவி பல்லில் இருந்தது. ஐயோ, கத்த முடியாத மனிதர் முதுகால் கத்துகிறாரே.

அந்த ஆள் நடைபாதையில் ஏறி நின்று கையசைத்தார். இவர் சாவியை வாயிலிருந்து எடுத்துக் கம்பியில் மெத்தென்று இரண்டு தட்டு தட்டினார். ஹாரன் சத்தத்தில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. வண்டி நகர்ந்ததுகூடத் தெரியாமல் நகர்ந்தது.

செக்கர் திரும்ப முன்னால் வரவில்லை. பின்னாலேயே இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும், சில்லறைச் சண்டை போட்டவரிடம் அவரே எழுந்து போய் என்னவோ சொல்லிவிட்டு வந்தார். பிறகு இவரிடம் பேசினார். நான் அடுத்தவர் பேச்சைக் கேட்கிறவள் இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"நான் சொல்லி அப்பவே வண்டி நகர்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நீங்க வண்டியிலயே இருங்க. ஆனா அந்த டிரைவரோட மட்டும்தான். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இவர் தலையை மட்டும் ஆட்டினார். வாய் லேசாக அசைந்தது. என்ன வார்த்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருமுனையில் நான் இறங்கினேன். கண்ணீர் மறைக்க, படியில் பார்த்துத்தான் கால் வைத்தேன். நடைபாதையில் ஏறித் திரும்பினால் வண்டி இன்னும் நிற்கிறது. இவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவி கம்பியில் பட்டது. மெத்தென்று இரண்டு தட்டு. வண்டி பூப்போல நகர்ந்தது.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, சாவி அவரிடம். மாடி வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்து அவர் வரும்வரை காத்திருந்தேன். இன்னொன்று, அந்த மெத்தென்ற தட்டு யாருக்கு உள்ளது என்பது.

வேலை முடிந்து எங்கள் வாசலுக்கு வந்தவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"ஏங்க, அந்தத் தட்டு கிழவிங்க இறங்கினா தட்டுறதுதானே? நான் என்ன கிழவியா?"

அவர் பூட்டைத் திறந்தார். சாவியைத் துடைத்து என் கையில் வைத்து, விரல்களை மூடினார். பிறகு குனிந்து என் காதோடு, இருந்த அந்தக் கொஞ்சம் காற்றையும் செலவழித்துச் சொன்னார்.

"ரைட்டு விடு."